வலிமையும் கேள்வியும்: காந்தப் பரிவு எழுப்பும் ஓர் அறவியல் வினா

ஒரு பொருளை அறிய விரும்புவோன் அப்பொருளைத் தன் வழிக்கு வளைத்தே அறிதல் கூடுமா, அன்றி அதனை அதன் வழியில் இருக்கவிட்டு அறிதலுங் கூடுமா என்னும் வினா மெய்யியல் வரலாற்றில் மிகப் பழையது. ஐரோப்பிய நவீன சிந்தனையின் வாயிலில் நிற்கும் பிரான்சிஸ் பேக்கன் இதற்குத் திட்டவட்டமான விடையொன்றை அளித்தார். இயற்கை தன் போக்கில் உலவும்போது வெளிப்படுத்துவதிலும் பார்க்க, மனிதனின் கலைத்திறத்தால் நெருக்கப்படும்போதே தன் உண்மைகளை மிகுதியாக வெளிப்படுத்தும் என்பது 1620இல் அவர் வெளியிட்ட நூலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்றாகும். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர், 1787இல், இம்மானுவேல் காண்ட் தமது தூய அறிவு பற்றிய விமரிசன நூலின் இரண்டாம் பதிப்புக்கு எழுதிய முன்னுரையில் இதே சிந்தனையை வேறோர் உவமையால் விளக்கினார். இயற்கையின் முன் ஆய்வாளன் ஆசிரியனின் வாய்பார்த்திருக்கும் மாணவனைப் போல் நிற்பதில்லை. தான் வகுத்த வினாக்களுக்குச் சாட்சியை விடை கூறச் செய்யும் நீதிபதியைப் போலவே நிற்கின்றான் என்பது அவ்வுவமையின் சாரம்.

இவ்விரு கூற்றுகளிலும் இரண்டு வேறு செயல்கள் ஒன்றாகப் பிணைந்துள்ளன. வினவுதல் ஒன்று, நெருக்குதல் மற்றொன்று. வினாவைத் தெளிவாக வகுத்துக்கொள்ளாதவன் எதனையும் அறியான் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆயின், வினவுவோன் நெருக்கியே ஆகவேண்டுமா? வலிமை அறிவின் இன்றியமையாத நிபந்தனையா, அன்றி அறிவுக்குச் செலுத்தப்படும் பல விலைகளுள் ஒன்றா? இவ்வினாவை வெறும் சொல்லாராய்ச்சியாகத் தொடர்வதிலும் பார்க்க, விஞ்ஞானத்தின் நடைமுறையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தேர்ந்து அதன்வழி நோக்குதல் பயனுடையது. அத்தகைய எடுத்துக்காட்டாக அமைவது அணுக்கருக் காந்தப் பரிவு என்னும் முறையாகும். இம்முறை பல்லாண்டுக் காலம் வலிமையை நோக்கியே வளர்ந்தது. அண்மைக் காலத்தில் அதன் ஒரு கிளை வலிய புலங்களைக் கைவிட்டு எதிர்த்திசையில் நடக்கத் தொடங்கியுள்ளது. இவ்விரு பயணங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு மேற்கூறிய பிணைப்பை அவிழ்க்கும் வழியொன்று புலப்படும்.

ஐதரசன் முதலிய சில தனிமங்களின் அணுக்கருக்கள் கறங்கல் என்னும் பண்பினையுடையன. காற்றில் சுழலும் கறங்கோலையையோ தரையில் ஆடும் பம்பரத்தையோ இதற்கு உவமையாகக் கூறலாம். உவமை முழுதும் பொருந்தாதெனினும், இக்கருக்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய காந்தமொன்றைப் போல ஒழுகுகின்றன என்பது உண்மை. வெளியிலிருந்து ஒரு காந்தப்புலம் அவற்றின்மீது செலுத்தப்படும்போது அவை அப்புலத்தைச் சுற்றித் தலையசைத்து ஆடுகின்றன. அந்த ஆட்டத்தின் வேகத்துக்கு ஒத்த வானொலி அலையொன்றை அனுப்பினால் கருக்கள் அதனை ஏற்றுத் திரும்புகின்றன. பின்னர் அவை எழுப்பும் மெல்லிய சைகை பொருளின் உள்ளமைப்பை அறிவிக்கின்றது. இதுவே பரிவு எனப்படுவது. 1938இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இசிடோர் ராபி மூலக்கூற்றுக் கற்றைகளில் இதனைக் கண்டார். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் பேர்செல் குழுவினரும், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் பீலிக்ஸ் புளொக் குழுவினரும் சாதாரண திண்மத்திலும் திரவத்திலும் இதனைக் கண்டு 1946இல் வெளியிட்டனர்.

இச்சைகை ஏன் மெல்லியதாக உள்ளது என்பதிலேயே வலிமைபற்றிய கதை தொடங்குகின்றது. கருக்கள் புலத்துக்கு எளிதில் பணிவனவல்ல. வைத்தியசாலைகளில் பரவலாகவுள்ள 1.5 தெசுலாப் பொறி, பூமியின் காந்தப்புலத்திலும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிய புலத்தை உண்டாக்குகின்றது. அத்துணை வலிய புலத்திலுங்கூட, உடல் வெப்பநிலையில், 10 இலட்சம் ஐதரசன் கருக்களில் புலத்தின் திசையில் நிற்பவை எதிர்த்திசையில் நிற்பவற்றிலும் ஏறத்தாழ 5 மட்டுமே மிகுதியாகும். வெப்பத்தின் கலக்கம் ஏனையவற்றை ஒன்றுக்கொன்று ஈடாக்கிவிடுகின்றது. பூமியின் புலத்திலோ 1,000 கோடிக் கருக்களில் இம்மிகுதி 2 அளவே. இந்தச் சிறுபான்மையின் குரலே பொறியின் காதில் விழுவது. குரலைப் பெருக்க வேண்டின் புலத்தைப் பெருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு ஆய்வாளர் வந்தமை இயல்பானதே.

அவ்வாறே நிகழ்ந்தது. 1980ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்தில் ஜோன் மலார்ட் தலைமையிலான குழுவினர் நோயாளர் ஒருவரின் உடலை மருத்துவப் பயனுள்ள வகையில் படம் பிடித்தபோது அவர்களுடைய பொறியின் புலம் 0.04 தெசுலா மட்டுமே. அப்பத்தாண்டிலேயே 1.5 தெசுலாப் பொறிகள் வந்தன. பின்னர் 3 தெசுலாப் பொறிகள் வந்தன. 2020இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகர ஆய்வகமொன்றில் மூலக்கூறுகளை ஆராய்வதற்காக 28.2 தெசுலாக் காந்தமொன்று நிறுவப்பட்டது. பிரான்சின் சக்லே நகரிலுள்ள மூளையாய்வு நிலையத்தில் 132 தொன் நிறையுள்ள காந்தமொன்று 11.7 தெசுலாப் புலத்தை உண்டாக்குகின்றது; 2021இல் அது பூசணிக்காயொன்றையும், பின்னர் மனித மூளையையும் படம் பிடித்தது. 2024இல் வெளியான அம்மூளைப் படங்கள் 4 நிமிடங்களில் 0.2 மில்லிமீற்றர் நுணுக்கத்தை எட்டின. இத்தகைய காந்தங்களின் கம்பிச்சுருள்கள் தடையின்றி மின்னைக் கடத்துவதற்காகத் திரவ ஈலியத்தின் கடுங்குளிரில் வைக்கப்படுகின்றன. இச்சாதனைகளைச் சிறுமைப்படுத்துதல் அறிவுக்கு நன்றி மறத்தலாகும். புரதங்களின் அமைப்பும் மூளையின் மெல்லிய அடுக்குகளும் வலிய புலத்தின் துணையாலேயே மனிதன் கண்ணுக்குப் புலனாயின.

எனினும், ஒரு முறை தொடர்ந்து வெற்றி பெறும்போது அது முறை என்னும் நிலையிலிருந்து நழுவிக் கொள்கையாக மாறிவிடுகின்றது. புலம் வலுக்க வலுக்க அறிவு வளரும் என்பது முதலில் ஓர் அநுபவக் கூற்று. நாளடைவில் அது வலிமையின்றி அறிவில்லை என்னும் சித்தாந்தமாக இறுகிவிடுகின்றது. இவ்வாறு இறுகிய சித்தாந்தம் தன் வலிமை எதனை மறைக்கின்றது என்று கேட்பதில்லை. அவ்வாறு கேட்டவர்கள் கண்டது யாது என்பதை நோக்குதல் வேண்டும்.

ஒரு மூலக்கூற்றிலுள்ள கருக்கள் வெளிப்புலத்துக்கு மட்டும் செவிசாய்ப்பனவல்ல. பிணைப்பிலுள்ள இலத்திரன்களின் வாயிலாக அவை ஒன்றையொன்றும் அறிகின்றன. இவ்வுறவை இணைப்பு என்பர். வலிய புலத்தில் ஒவ்வொரு கருவும் அப்புலத்தைச் சுற்றியே வேகமாக ஆடுவதால், வேறுபட்ட கருக்களிடையேயுள்ள இணைப்பில் புலத்தின் திசையில் அமைந்த ஒரு கூறு மட்டுமே எஞ்சுகின்றது. ஏனைய கூறுகள் சராசரியில் மறைந்துவிடுகின்றன. ஆட்சியாளன் முன்னிலையில் குடிகள் தமக்குள் பேசுவதைக் குறைத்துக்கொள்வது போன்றது இந்நிலை. பூச்சியப் புலத்தில், அதாவது வெளிப்புலம் ஏறத்தாழ முற்றாக நீக்கப்பட்ட நிலையில், இணைப்பு தன் முழு வடிவில் வெளிப்படுகின்றது. அங்கே எத்திசையும் சிறப்பான திசையன்று. காபன்-13 அமைந்த போமிக்கமிலத்தைப் பூச்சியப் புலத்தில் ஆராயும்போது செக்கனுக்கு ஏறத்தாழ 222 அதிர்வுகள் என்னும் ஒரேயொரு கோடு தோன்றுகின்றது. அது காபன் கருவுக்கும் அதனோடு பிணைந்த ஐதரசன் கருவுக்கும் இடையிலான உறவின் அளவேயன்றிப் பிறிதன்று. கலிபோர்னியாவின் பேர்க்கிலியில் அலெக்சாண்டர் பைன்ஸ் குழுவினர் 1983இலேயே பூச்சியப் புலப் பரிவை அறிமுகஞ் செய்தனர்.

இதனால் வலிய புலம் பொய் கூறுகின்றது என்று முடிவு கட்டலாகாது. 1951இல் ஸ்ரான்போர்ட் ஆய்வாளர் எதனோல் என்னும் மதுசாரத்தை ஆராய்ந்தபோது மூன்று தனித்தனிச் சைகைகள் கிடைத்தன. ஒரே ஐதரசன் கருவாயினும் மூலக்கூற்றில் அது எங்கே அமர்ந்திருக்கின்றது என்பதற்கேற்ப அதன் ஆட்டவேகம் சிறிது மாறுகின்றது. இவ்வேறுபாடு புலத்தின் வலிமையோடு வளர்வது. பூச்சியப் புலத்தில் அது அறவே மறைந்துவிடும். எனவே, வலிய புலம் ஒவ்வொரு கருவும் எவ்விடத்தது என்பதைக் கூறுகின்றது. பூச்சியப் புலம் எக்கரு எதனோடு எவ்வாறு உறவுடையது என்பதைக் கூறுகின்றது. ஒன்று முகவரியை அறிகின்றது. மற்றையது உறவை அறிகின்றது. ஒன்றை முழுதும் கேட்குமிடத்து மற்றையது தாழ்ந்து ஒலிக்கின்றது. வலிமை மிகுந்த அறிவு, வலிமை குறைந்த அறிவின் நிறைவான வடிவம் என்று கொள்வதற்கு இங்கு இடமில்லை. ஒவ்வோர் அளவு வலிமையும் ஓர் உண்மைக்கு வாயில் திறந்து மற்றோர் உண்மைக்கு வாயிலை ஒடுக்குகின்றது.

வலிய புலமின்றிக் கருக்களைக் கட்டுப்படுத்துவது எவ்வாறு என்பது அடுத்து எழும் வினா. மூன்று படிகளில் அது இயல்கின்றது. முதற்படி, ஒழுங்கை முன்னரே தேடிக்கொள்ளுதல். ஐதரசன் மூலக்கூற்றின் இரு கருக்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து நிற்கும் வடிவமொன்றுண்டு. அது பரா-ஐதரசன் எனப்படும். வெளியிலிருந்து நோக்குவோர்க்கு அதில் காந்தத் தன்மையே இல்லை. ஆயின் அதனுள்ளே நிறைந்த ஒழுங்கு உள்ளது. இவ்வொழுங்கைப் பிற மூலக்கூறுகளுக்கு வழங்கலாம் என்பது 1980களில் காட்டப்பட்டது. 2009இல் இங்கிலாந்தின் யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர், ஊக்கியொன்றின்மீது பரா-ஐதரசனும் பிறிதொரு மூலக்கூறும் சிறிது நேரம் கூடியிருந்தாலே இம்மாற்றம் நிகழும் எனக் காட்டினர். 2015இல் அமெரிக்க ஆய்வாளர் இம்முறையை நைதரசன்-15 கருக்களுக்கு விரித்தனர். அங்கே வேண்டப்பட்ட புலம் பூமியின் புலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கேயாகும். காரணம் சிந்தனைக்குரியது. வலிய புலத்தில் ஐதரசனும் நைதரசனும் மிக வேறுபட்ட வேகங்களில் ஆடும் அந்நியர்கள். புலம் தணியத் தணிய அவ்வேறுபாடு சுருங்கி, அவற்றின் பரஸ்பர இணைப்பின் அளவுக்கு இறங்குகின்றது. அப்பொழுதே ஒழுங்கு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்கின்றது. இவ்வாறு நூற்றுக்குப் பத்துக்கும் மேற்பட்ட ஒழுங்கு பெறப்பட்டது. 1.5 தெசுலாவில் ஐதரசன் கருக்கள் பெறும் மிகுதி பத்து இலட்சத்துக்கு 5 என்பதை இதனோடு ஒப்பிடுக.

இரண்டாம் படி, அளவறிந்து திருப்புதல். வலிய புலத்தில் ஒவ்வொரு கருவுக்கும் தனி வேகமுண்டு. அவ்வேகத்துக்குரிய அலையால் அதனைத் தனியே அழைக்கலாம். பூச்சியப் புலத்தில் இவ்வசதியில்லை. ஆயினும், கருக்களின் இயல்பிலேயே வேறுபாடுண்டு. ஒரே புலத்தில் ஐதரசன் கரு காபன்-13 கருவிலும் ஏறத்தாழ 4 மடங்கு விரைவாகத் திரும்பும். ஆகவே, ஐதரசன் கரு ஒரு முழுச்சுற்றுச் சுற்றித் தன் பழைய நிலையை எய்தும் வரையில் மட்டும் சிறிய புலமொன்றைக் கணநேரம் செலுத்தி நிறுத்தினால், காபன் கரு காற்சுற்று மட்டுமே திரும்பியிருக்கும். தொட்டது இரண்டையும்; மாறியது ஒன்று. 2018இல் வெளியான ஆய்வொன்று இத்தகைய நுண்துடிப்புகளால் தனிக்கருவைக் கட்டுப்படுத்தும் செம்மை நூற்றுக்கு 99ஐயும் கடந்ததெனக் காட்டியது. மூன்றாம் படி, அமைதியில் செவிகொடுத்தல். நிக்கலும் இரும்பும் கலந்த உலோகக் கவசங்களால் பூமியின் புலத்தையும் நகரின் மின்னிரைச்சலையும் விலக்கி, மிக நுண்ணிய காந்தமானிகளால் சைகை பெறப்படுகின்றது. பேர்க்கிலியில் ஜோன் கிளார்க் குழுவினர் மீகடத்திக் கருவிகளைக்கொண்டு 2004இல் 132 மைக்குரோதெசுலாப் புலத்தில் படங்களைப் பெற்றனர். பிரின்ஸ்ரனில் 2003இல் அமைக்கப்பட்ட அணுக்காந்தமானி பூமியின் புலத்தில் 5,000 கோடியில் ஒரு பங்கிலும் குறைந்த மாற்றத்தை உணரவல்லதாயிற்று.

இவ்விடத்தில் வலிமையின் பக்கம் நிற்போர் நியாயமான தடையொன்றை எழுப்பலாம். வலிமை இங்கும் ஒழியவில்லை; இடம் மாறியுள்ளது என்பர் அவர். பரா-ஐதரசனைப் பெறுவதற்குக் குளிர் வேண்டும். காந்தமானிக்கு லேசர் ஒளி வேண்டும். கவசம் அமைப்பதற்கு உலோகமும் தொழில்நுட்பமும் வேண்டும். இத்தனை ஆயத்தங்களையும் மென்மை என்று போற்றுதல் தன்னைத்தானே ஏமாற்றுதலாகாதா? இத்தடையின் முற்பகுதி முழுதும் ஏற்கத்தக்கது. முயற்சியின்றி எவ்வறிவும் கைகூடுவதில்லை. ஆயின், முயற்சி எதன்மீது செலுத்தப்படுகின்றது என்பதில் வேறுபாடுண்டு. வலிய புலத்தில் முயற்சியின் பெரும்பகுதி ஆராயப்படும் பொருளின்மீது சுமத்தப்படுகின்றது. மெல்லிய புலத்தில் அது ஆராய்வோனின் சூழலின்மீதும் கருவியின்மீதும் செலுத்தப்படுகின்றது. இரைச்சலை விலக்குவதும், செவியைக் கூர்மையாக்குவதும், துடிப்பின் நீளத்தை அளந்து நிறுத்துவதும் அறிவோன் தன்மேல் விதித்துக்கொள்ளும் கட்டுப்பாடுகள். கட்டுப்படுத்தல் என்னும் ஒரே சொல் இவ்விரண்டையுங் குறித்தாலும், பிறரைக் கட்டுப்படுத்தலும் தன்னைக் கட்டுப்படுத்தலும் அறவியலில் ஒன்றாகா.

இதனினும் கூர்மையான தடை இன்னொன்றுண்டு. அணுக்கருவுக்கு நோவில்லை, விருப்பில்லை, மானமில்லை. அதனை நெருக்குவது, அதன் வழியில் விடுவது என்றெல்லாம் பேசுதல் உவமையை உண்மையாக மயங்குதலாகும். கல்லைக் கல்லால் உடைப்பதில் அறமும் இல்லை, மறமும் இல்லை. இதுவும் உண்மையே. 28 தெசுலாப் புலத்திலிருக்கும் கரு எவ்வநீதிக்கும் ஆளானதன்று. அறவினா கருவைப்பற்றியதாயின் இக்கட்டுரை இவ்விடத்தில் முடிந்துவிடும். ஆனால், அறிதலில் மூவர் உளர்: அறியப்படும் பொருள், அறிவோன், அவ்வறிவின் பயனுக்காகக் காத்திருப்போர். முதலாமவர்க்கு நோவில்லை என்பதால் மற்றை இருவர்க்கும் அறவினா இல்லையாகிவிடாது. வலிமையே அறிவு என்னும் வழக்கம் அறிவோனின் மனத்தைப் பழக்கும் முறையும், வலிமை இல்லாதார் அறிவின் பந்தியில் அமரும் இடமுமே இங்கு ஆராயற்பாலன.

மூன்றாமவரிலிருந்து தொடங்குதல் தகும். வலிய காந்தம் தனக்கெனக் கவசமிட்ட அறையையும், இடையறாத மின்சாரத்தையும், ஈலியத்தையும், பயிற்சி பெற்ற பணியாளரையும் வேண்டிநிற்கின்றது. இவை வாய்க்காத நாடுகளில் அப்பொறி இல்லை. இருந்தாலும் தலைநகரைத் தாண்டுவதில்லை. பொறியுள்ள நகரிலுங்கூட உடலில் சிலவகை உலோகக் கருவிகள் பொருத்தப்பட்டவரும், செயற்கைச் சுவாசத்தோடு படுக்கையை விட்டு அசைக்கவியலாதவரும் அவ்வறையின் வாயிலில் தடுக்கப்படுவதுண்டு. வலிமையை அறிவின் நிபந்தனையாக வைத்த அக்கணத்திலேயே, யாருடைய உடல் அறியப்படும், யாருடைய உடல் அறியப்படாது விடப்படும் என்பதும் தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது. எவரும் இத்தீர்ப்பைக் கூடியிருந்து எழுதியதில்லை. ஆயினும் அது நிறைவேற்றப்படுகின்றது. அறத்தைக் கற்போர் மனங்கொள்ள வேண்டிய இடம் இதுவே: தீயெண்ணம் இல்லாத இடத்திலும் அநீதி நிகழக்கூடும், ஒரு கருவியின் வடிவத்திலேயே அது குடியிருக்கக்கூடும்.

உகண்டாவில் நிகழ்ந்த ஒன்றை இங்குக் குறிப்பிடலாம். கிழக்காபிரிக்காவில் குழந்தைகள் பலர் மூளையறைகளில் நீர் மிகுந்து தலை பெருக்கும் நோய்க்கு ஆளாகின்றனர். சத்திரசிகிச்சை செய்வோர் நீர் எவ்வளவு, எவ்விடத்தில் தேங்கியுள்ளது என்பதை அறிதல் வேண்டும். 2022இல் அந்நாட்டின் ம்பராரா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உகண்டா, நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர் கூடி ஏறத்தாழ 0.05 தெசுலாப் புலமுள்ள படப்பொறியொன்றை அவ்விடத்திலேயே கட்டியெழுப்பினர். அதில் மீகடத்தியில்லை, ஈலியமில்லை. சிறிய நிலைக்காந்தங்கள் பலவற்றை வட்டமாக அடுக்கி, புலம் உள்ளே கூடவும் வெளியே தணியவும் செய்திருந்தனர். அதற்கு முன்னர், 2020இல், 0.064 தெசுலாவில் இயங்கி நோயாளரின் படுக்கையருகே சில்லுகளில் உருட்டிச் செல்லத்தக்க பொறியொன்றுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியிருந்தது. இப்பொறிகள் பூச்சியப் புலத்தில் இயங்குவனவல்ல. எனினும், அபர்டீனின் 0.04 தெசுலாவிலிருந்து மேல்நோக்கிச் சென்ற வரலாறு நாற்பதாண்டுகளின் பின் அவ்வளவை மீண்டும் நாடி வந்தமை கருதத்தக்கது. திரும்பி வரும்போது அது புதிய கணிப்புமுறைகளையும் நுண்ணிய மின்னணுக் கருவிகளையும் உடன்கொண்டு வந்தது.

ஆயின், இங்கு மகிழ்ச்சியோடு நின்றுவிடுதல் கூடாது. செல்வர்க்குத் தெளிந்த படம், வறியோர்க்கு மங்கிய படம் என்னும் பிரிவினை நீதியாகுமா? இல்லாமையிலும் சிறிது நன்று என்பது கொடுப்போர் பலரும் தம் மனத்தை ஆற்றிக்கொள்ளக் கூறும் மொழி. அம்மொழியால் உலகில் எத்தனையோ இரண்டாந்தரப் பொருள்கள் வறியோர் தலையில் சுமத்தப்பட்டுள்ளன. இவ்வையம் நியாயமானது. இதற்கு விடை, போதுமை என்பதை யார் தீர்மானிக்கின்றார் என்பதிலேயே தங்கியுள்ளது. படம் எவ்வளவு அழகியது என்பது அளவுகோலாகாது; கேட்கப்பட்ட வினாவுக்கு அது விடை தருகின்றதா என்பதே அளவுகோல். தேங்கிய நீரின் அளவைக் காண்பதற்கு 0.2 மில்லிமீற்றர் நுணுக்கம் வேண்டியதில்லை. எனவே, வினாவை வகுப்போரும் போதுமையை அளப்போரும் அக்குழந்தையின் மருத்துவரும் அந்நாட்டு மக்களுமாக இருப்பின் மெல்லிய புலம் நீதியின் கருவியாகும். தொலைவிலிருப்போர் தமக்கு வேண்டாததை அவர்க்குப் போதும் என்று வரையறுப்பின் அதே கருவி அநீதியின் கருவியாகும். ம்பராராவில் பொறியை அவ்விடத்திலேயே கட்டியமையின் சிறப்பு இதிற்றான் உள்ளது. கட்டத் தெரிந்தவன் திருத்தவும் அறிவான்; திருத்த அறிந்தவன் தன் வினாவுக்கேற்ப மாற்றவும் அறிவான்.

அறிவோனின் மனம்பற்றிய வினா இதனோடு தொடர்புடையது. மங்கிய படத்தைக் கணனியின் துணையால் கூர்மையாக்கும் முறைகள் இன்று பெருகியுள்ளன. ஆயிரக்கணக்கான தெளிந்த படங்களைப் பயின்ற கணனி, மங்கிய படத்தில் விடுபட்டவற்றைத் தானே நிரப்பித் தருகின்றது. சில வேளைகளில் அது நிரப்புவது அக்குழந்தையின் மூளையில் இல்லாத ஒன்றாக இருக்கக்கூடும். அவ்வாறான படம் கண்ணுக்குத் தெளிவு, கருத்துக்குப் பொய். சத்திரசிகிச்சையாளன் கையில் கத்தி இருக்கும்போது இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையதாகின்றது. தன் எல்லையைக் காட்டும் மங்கல், எல்லையை மறைக்கும் தெளிவிலும் நேர்மையானது. மெல்லிய வழியில் செல்வோன் வலிமையாசையிலிருந்து தானாக விடுபட்டுவிடுவதில்லை என்பதற்கு இது சான்று. காந்தத்திலிருந்து நீங்கிய ஆசை கணிப்பில் புகுந்துகொள்ளக்கூடும். பொருள் கூறாததைக் கூறியதாகக் காட்டுவதும் ஒருவகை நெருக்குதலே.

மேற்கூறியவற்றிலிருந்து தொடக்கத்திலிட்ட முடிச்சை அவிழ்த்தல் இயலும். வினவுதல் இன்றியமையாதது என்ற அளவில் காண்டின் கூற்று நிலைபெறுகின்றது. மெல்லிய புலத்தில் பணியாற்றுவோன் வலிய புலத்தில் பணியாற்றுவோனிலும் குறைவாக வினவுவதில்லை; துடிப்பின் நீளத்தைக் கணம்பிசகாது அளக்கும் அவன் வினாவை இன்னும் நுணுகி வகுக்கின்றான். ஆனால், நெருக்கப்படும்போதே இயற்கை மிகுதியாகப் பேசும் என்னும் பேக்கனின் கருத்து பொதுவிதி என்னும் தகுதியை இழக்கின்றது. சில உண்மைகள் நெருக்கத்தில் வெளிப்படுகின்றன. சில உண்மைகள் நெருக்கம் நீங்கியபோதே வெளிப்படுகின்றன. எது எத்தகையது என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆதலால், வலிமையைப் பயன்படுத்துவோன் ஒவ்வொருவனும், தன் வலிமை எக்குரலைப் பெருக்கியது என்பதோடு எக்குரலை அடக்கியது என்றும் கேட்கக் கடமைப்பட்டவன். இக்கடமை ஆய்வகத்துக்கு மட்டும் உரியதன்று. குடிகளின் கருத்தை அறிய விழையும் அரசுக்கும், மாணவனின் உள்ளத்தை அறிய விழையும் ஆசிரியனுக்கும், நோயாளியின் குறையை அறிய விழையும் வைத்தியனுக்கும் இது பொது. அவர்கள் முன்னிலையில் கிடைக்கும் விடைகள் எத்துணை ஒரே திசையில் நிற்கின்றனவோ, அத்துணைக்கு அவ்வொற்றுமை விடையின் இயல்பா, அன்றி வினவுவோன் புலத்தின் விளைவா என்று ஐயுறுதல் வேண்டும். ஆய்வகத்தில் கரு நோவதில்லை. இவ்விடங்களில் அறியப்படுவோர் நோவறிந்த மனிதர்.

தமிழ்மொழி இவ்விடயத்தில் ஓர் அரிய குறிப்பைத் தன்னுள் வைத்திருக்கின்றது. கேள்வி என்னும் சொல் வினாவுக்கும் பெயர். செவிகொடுத்துப் பெறும் அறிவுக்கும் பெயர். காண்டின் நீதிபதி முதற்பொருளில் கேள்வி உடையவன். வள்ளுவர் கேள்வி என்னும் அதிகாரத்தில் போற்றுவது இரண்டாம் பொருளையாகும். அவ்வதிகாரத்தைத் துறவறத்தில் வையாது, ஆளும் வலிமை உடையவனுக்குரிய அரசியலில் அவர் வைத்திருப்பது நோக்கற்பாலது. அதே அரசியலில் வலியறிதல் என்னும் அதிகாரமும் இடம்பெறுகின்றது. வலிமை உடையவனுக்கே தன் வலியின் அளவை அறிதலும் செவிகொடுத்தலும் மிகுதியாக வேண்டப்படுகின்றன என்பது இவ்வைப்பிலிருந்து பெறப்படும் பொருள் எனலாம். பூமியின் சொந்தப் புலத்தில், ஐதரசன் கருக்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 2,000 முறை ஆடுகின்றன. 1954இல் அமெரிக்க ஆய்வாளர் பக்காட்டும் வேரியனும் அறிவித்த அச்சைகையின் அதிர்வு, மனிதச் செவி கேட்கக்கூடிய ஒலியின் எல்லைக்குள்ளேயே அமைகின்றது. வலிய பொறிகளில் அது செக்கனுக்குக் கோடிக்கணக்கான அதிர்வுகளாக உயர்ந்து செவியின் எல்லையைக் கடந்துவிடுகின்றது. கேட்கும் எல்லைக்குள் எப்போதுமிருந்த அவ்வொலியை அறிவதற்குப் புதிய வலிமை வேண்டப்படவில்லை. இரைச்சலை விலக்கிச் செவிகொடுக்கும் பொறுமையே வேண்டப்பட்டது.